பொதுக் கிணறும் முன்பள்ளியும்: திருத்த வேலைக்கு அரசின் சிறு நிதியைப் பெறுதல்

ஊர் திரும்பிய முதல் மாதங்களில் எல்லோருடைய கவனமும் சொந்தக் காணியைத் துப்புரவாக்குவதிலும் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொள்வதிலுமே இருக்கும். அது இயல்பு. பிறகுதான் பொதுக் கிணற்றின் கட்டு இடிந்து கிடப்பதும், முன்பள்ளிக்குக் கூரை இல்லாததும், வயலுக்குப் போகும் பாதையில் மதகு உடைந்திருப்பதும் கண்ணில் படும். இவற்றை ஒரு குடும்பம் தனித்துத் திருத்த முடியாது.

புதிய கட்டடம் வரும் என்று காத்திருப்பதை நாம் ஊக்குவிப்பதில்லை. பெரிய ஒதுக்கீட்டுக்கு வரிசை நீளமானது. நிற்கும் சுவரையும் கிடக்கும் ஓட்டையும் பயன்படுத்தி ஒரு பொதுச் சொத்தைத் திருத்துவதற்குச் சிறு நிதி போதும். அந்த நிதியைக் கேட்கவும், வந்தால் ஒழுங்காகச் செலவு செய்யவும் ஊர் எப்படித் தயாராக வேண்டும் என்பதே இந்தப் பாடம். இதைச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் கலந்துரையாடலாம்.

முதற் கேள்வி: இது யாருடையது?

"எந்தக் கந்தோரில் காசு இருக்கிறது?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். "திருத்த வேண்டிய சொத்து யாருடையது?" என்று கேட்டால் போகவேண்டிய கந்தோர் தானாகத் தெரிந்துவிடும்.

கிராமத்து வீதி, பொதுக் கிணறு, சந்தை, வாசிகசாலை போன்றவை பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பில் இருப்பவை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பாதைகள் ஆகியவற்றை அச்சபைகளிடம் ஒப்படைத்திருக்கிறது. சனசமூக நிலையங்களும் உள்ளூராட்சி நிர்வாகத்தோடு தொடர்புள்ளவை.

சிறிய குளமும் அதன் வாய்க்காலும் என்றால் கமநல சேவை நிலையத்துக்குப் போகவேண்டும். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் கொடுக்கும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. அங்கே கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதத்தைவிட, 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்த கமக்காரர் அமைப்பின் கடிதமே எடுபடும். அதைவிடப் பெரிய குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உரியது.

கிராம அபிவிருத்திச் சங்க மண்டபம், மாதர் சங்கக் கட்டடம், சங்கம் நடத்தும் முன்பள்ளி ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகமே வாசல். நாடாளுமன்ற உறுப்பினர்களின் சிபாரிசில் வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974 இல் தொடங்கியது. அதுவும் பிரதேச செயலகம் ஊடாகவே செலவாகிறது. அமைச்சுகளின் கிராமிய வேலைத்திட்டங்களும் அப்படியே. மாகாணத் திணைக்களங்களுக்கு மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்தி நன்கொடை என்ற தனி நிதி உண்டு. இவற்றின் தொகையும் விதியும் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால் இங்கே தொகை எதையும் அச்சிடவில்லை. கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அந்த வருட விபரத்தைக் கேளுங்கள்.

காணி தனியாருடையது என்றால் அரச நிதி அநேகமாக மறுக்கப்படும். "அப்பு காலத்தில் ஊருக்கென்று விட்ட காணி" என்ற வாய்ப்பேச்சு கணக்காய்வாளருக்குப் போதாது. உரிமையாளர் ஊரிலோ வெளிநாட்டிலோ இருந்தால், பொதுத் தேவைக்குப் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கே இருக்கிறார் என்று தெரியாவிட்டால் அந்த இடத்தை விட்டு வேறிடம் பார்ப்பதே நல்லது.

சங்கத்தை மீண்டும் எழுப்புதல்

அரச நிதி தனியாளுக்கு வராது. பதிவுள்ள அமைப்புக்கே வரும். இடம்பெயர்ந்த ஊர்களில் சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், அறிக்கைப் புத்தகம், காசேடு, வங்கிப் புத்தகம் எல்லாம் தொலைந்திருக்கும். ஆனால் பதிவு அழிந்துபோய்விட்டது என்று எண்ண வேண்டாம். பழைய பதிவிலக்கம் பிரதேச செயலகத்திலோ கிராம அபிவிருத்தித் திணைக்களத்திலோ இருக்கக்கூடும். இல்லாவிட்டால் புதிதாகப் பதியலாம். விதானையார் என்று நாம் இன்றும் அழைக்கும் கிராம அலுவலரும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரும் முன்னிலையில் இருக்கப் பொதுக்கூட்டம் கூட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைத் தெரிவு செய்யுங்கள். வந்தவர்களின் பெயரும் கையொப்பமும் அறிக்கைப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கில்தான் அநேக சங்கங்கள் இடறுகின்றன. பழைய கணக்கில் கையொப்பமிட்டவர்களில் ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் கடல் கடந்திருப்பார், ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இருக்காது. அவர் இறந்துவிட்டார் என்றோ காணாமற்போனார் என்றோ சங்கம் தீர்மானம் எழுத வேண்டியதில்லை. "தற்போது ஊரில் இல்லாத காரணத்தால் அவருக்குப் பதிலாக" என்று எழுதிப் புதியவரைத் தெரிவு செய்தாலே போதும். அந்த அறிக்கையின் பிரதியோடு உத்தியோகத்தரின் கடிதத்தையும் வங்கிக்குக் கொடுத்துக் கையொப்பக்காரரை மாற்றக் கேளுங்கள். ஒரு தாயிடமோ மனைவியிடமோ மரணச் சான்றிதழ் கேட்டுச் சங்கத்து ஆட்கள் வாசலில் போய் நிற்கும் நிலை வரக்கூடாது.

தெரிவில் மற்றொன்றையும் கவனியுங்கள். பழைய தலைவர் குடும்பமே மீண்டும் தலைமை ஏற்பதில் தவறில்லை. ஆனால் பொருளாளரும் செயலாளரும் அதே வீட்டார் என்றால் பிறகு கணக்குக் கேட்க ஊரில் ஆள் இருக்காது. மாதர் சங்கம் இயங்கும் இடங்களில் முன்பள்ளி, கிணறு போன்ற வேலைகளை அவர்களிடமே விடலாம். தண்ணீர் அள்ளுவதும் பிள்ளையைக் கூட்டிச் செல்வதும் அநேகமாக அவர்கள்தான். எங்கே ஒழுகுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

பழைய பொருள்: முதலில் பாதுகாப்பு

இடிபாட்டைக் கிளறுவதற்கு முன் அந்த இடம் கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். விடுவித்த இடத்திலும் சந்தேகமான இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், நகர்த்தாமல், கல்லெறியாமல் விலகி வந்து அறிவியுங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119.

கைவிட்ட கிணறுகளில் விசேட கவனம் தேவை. வெடிபொருட்கள் கிணற்றுக்குள் போடப்பட்டிருந்ததும் உண்டு. சோதித்து முடியும்வரை யாரையும் இறக்க வேண்டாம். சோதித்த பின்பும், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுவிடக் காற்றுப் போதாமல் இருக்கலாம். எரிபொருளில் ஓடும் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை உள்ளே நிற்பவரை மயக்கிக் கொன்றுவிடும். தூக்கப் போனவரும் தப்பமாட்டார். இறைத்துத் துப்புரவாக்கிய பின் குளோரின் இடும் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றின் அகலத்தையும் நீரின் ஆழத்தையும் அளந்து சொல்வார். கண்மதிப்பில் போட வேண்டாம்.

எதை மறுபடி பயன்படுத்தலாம்?

செங்கல்லில் ஒட்டிய பழைய சாந்தைத் தட்டி எடுத்து, இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீர் என்று ஒலித்தால் சுவருக்கு எடுக்கலாம். மந்தமாக ஒலித்தால், அல்லது தண்ணீரில் ஊறவைக்க மூலை கரைந்தால், நிலத்துக்கு அடியில் நிரப்பத்தான் உதவும். வெடிப்பில் முறுக்குண்ட கொங்கிறீற்றிலிருந்து உருவிய கம்பியை நிமிர்த்தி மீண்டும் வளைக்கோ பிளாற்றுக்கோ போட வேண்டாம். அதன் பலம் போய்விட்டது.

பனஞ்சிலாகையும் வளையும் கறையான் தின்னாமல் இருந்தால் புதிய மரத்தைவிட உறுதியாகக்கூட இருக்கும். ஆனால் போர் நடந்த இடத்து மரத்தில் ஷெல் துண்டு புதைந்திருக்கக்கூடும். அரிவு ஆலையில் வாள் உடைந்தால் இழப்பும் ஆபத்தும் பெரிது. ஓடாவியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். புதிதாகப் பனை தறிக்க வேண்டுமென்றால் அனுமதி பெறாமல் தறிக்க வேண்டாம்.

ஓட்டின் அடியில் செய்தவரின் முத்திரை இருக்கும். வேறுவேறு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தா. பொருந்தாத இடத்தில் ஒழுகும். எனவே பல வீட்டு ஓடு சேர்ந்தால் முத்திரை பார்த்து வகை பிரித்து அடுக்கி, கூரையின் ஒரு பக்கத்துக்கு ஒரே வகை வருமாறு போடுங்கள். அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்திருந்தால் அறுக்கவோ நொறுக்கவோ கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குக் கேடு. அதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முழுதாகவே தூக்கி, பிள்ளைகள் விளையாடாத இடத்தில் ஒதுக்கி வைத்து, அகற்றுவது பற்றிப் பிரதேச சபையிடம் கேளுங்கள்.

யாருடைய ஓடு?

ஊர்களில் மிகவும் மனக்கசப்பை உண்டாக்குவது இந்த விடயம்தான். பொது வேலைக்கென்று பக்கத்துக் காணியில் கிடந்த கல்லையும் கதவு நிலையையும் எடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பம் முகாமிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வந்து, தங்கள் வீட்டுக் கதவை முன்பள்ளியில் காணும். பொது வேலைக்குத்தானே எடுத்தோம் என்ற பதில் அவர்களுக்கு ஆறுதலாகாது. அவர்களிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கதவு மட்டுமாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆகவே ஆளில்லாத வீட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து எழுதிவிடுங்கள். உரிமையாளரோடு தொலைபேசியில் பேச முடிந்து அவர் மனமாரத் தந்தால், என்ன பொருள், எத்தனை, யார் தந்தார், எந்தத் திகதி என்று எழுதி இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். இரவலாகத் தந்தால் இரவல் என்றே எழுதுங்கள். பாடசாலை, தபாற்கந்தோர், கூட்டுறவுக் கடை போன்றவற்றின் இடிபாடு, யாரும் கவனிக்காமல் கிடந்தாலும், அந்தந்த நிறுவனத்தின் சொத்து. எழுத்து மூல அனுமதி இல்லாமல் ஒரு தகரத்தைக்கூடக் கழற்ற வேண்டாம்.

இப்படிச் சேரும் பொருட்களின் பட்டியல் நிதி கேட்கும்போதும் உதவும். பல திட்டங்கள் மக்களின் பங்களிப்பை எதிர்பார்க்கின்றன. காசாகத்தான் கொடுக்க வேண்டும் என்று எண்ணிச் சங்கங்கள் பின்வாங்குகின்றன. பொருளையும் உழைப்பையும் பங்களிப்பாக ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றால், பட்டியல்தான் அதற்கு ஆதாரம்.

மதிப்பீடு

உதாரணமாக, 20 அடி நீளமும் 15 அடி அகலமுமான ஒரு முன்பள்ளியில் மூன்று சுவர் நல்ல நிலையில் நிற்கிறது. ஒரு சுவரும் கூரையும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தாழ்வாரத்தையும் சரிவையும் சேர்த்துக் கூரைக்கு ஏறக்குறைய 750 முதல் 800 ஓடு வேண்டியிருக்கும். ஊரில் ஒரே வகையில் 500 நல்ல ஓடு தேறினால், புதிதாக வாங்குவது மீதியும் முகட்டு ஓடும்தான். கேட்கும் தொகை இப்படிக் குறையும்போது சிறு நிதிக்குள் வேலை அடங்கும்.

இந்தக் கணக்கைச் சங்கம் தயாரித்து வைத்திருந்தாலும், செல்லுபடியாகும் மதிப்பீட்டைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரே எழுத வேண்டும். அவர் வந்து பார்க்கும் நாளில் பட்டியலோடு மேசனையும் கூட நிறுத்துங்கள். நிற்கும் சுவர் பாரம் தாங்குமா என்பதில் அவருடைய முடிவை ஏற்றுக்கொள்ளுங்கள். இடிக்கத்தான் வேண்டும் என்றால், பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தில் அதற்கு எதிராக வாதாடுவது சரியல்ல.

வேலையைச் சங்கமே செய்தல்

பதிவுள்ள சங்கங்களிடம் சிறு வேலைகளை நேரடியாக ஒப்படைக்க அரசின் கொள்முதல் விதிகளில் இடமுண்டு. அப்படி ஒப்படைத்தால் கூலி ஊருக்குள்ளேயே நிற்கும். மதிப்பீட்டில் மேசனுக்கும் உதவியாளருக்கும் கூலி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு அறியுங்கள். சேர்க்கப்பட்டிருந்தால் அது உழைத்தவருக்குரிய பணம். எல்லாவற்றையும் சிரமதானமாகச் செய்வித்துக் கூலியை வேறு செலவுக்குத் திருப்புவது முறையல்ல.

சிரமதானம் நல்ல வழக்கம்தான். ஆனால் அன்றாடம் கூலிக்குப் போய்ச் சமைக்கும் வீட்டுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சாப்பாடு. தனித்துக் குடும்பம் நடத்தும் பெண்கள், முதியோர், காயப்பட்டவர்கள் உள்ள வீடுகளில் "ஒரு ஆள் கட்டாயம்" என்று கேட்காதீர்கள். தேநீர் ஊற்றுவதும், ஓடு எண்ணிப் பதிவதும், பொருளுக்குக் காவல் இருப்பதும் வரவுப் பதிவில் ஏறவேண்டிய வேலைகளே.

ஒப்பந்தகாரர் ஒருவர் வந்து, "சங்கத்தின் பெயரைத் தாருங்கள், வேலையை நான் முடித்து ஒரு வீதம் தருகிறேன்" என்று கேட்கலாம். சம்மதிக்காதீர்கள். கையொப்பம் உங்களுடையது. சுவர் வெடித்தாலும் கணக்கு இடித்தாலும் பதில் சொல்லவேண்டியது தலைவரும் பொருளாளரும்தான். அவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

பணம் வேலைக்கு முன்பே முழுதாக வராது என்பதையும் முதலிலேயே ஊருக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு பகுதி முற்பணம் கிடைக்கலாம். மிகுதி, உத்தியோகத்தர் முடிந்த வேலையை அளந்து உறுதிப்படுத்திய பின்னரே. குறை தென்பட்டால் திருத்துவதற்கென்று கடைசியில் ஒரு தொகை பிடித்துவைக்கப்படுவதும் உண்டு. இதை அறியாத ஊரில், மூன்றாம் வாரமே "பொருளாளர் காசை வைத்திருக்கிறார்" என்ற கதை எழும்பும்.

எப்போது கேட்பது?

அரசின் நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. அந்த வருடத்தில் செலவாகாத ஒதுக்கீடு பொதுவாகக் கைவிட்டுப் போகும். எமது பகுதியில் ஒக்டோபரில் மாரி தொடங்கிவிடும். அதே காலத்தில் எல்லோரும் காலபோக விதைப்பில் நிற்பார்கள். ஆகவே கையில் இருக்கும் நல்ல மாதங்கள் மாசி முதல் ஆவணி வரைதான். ஆனால் நிதி விடுவிப்பு அநேகமாகத் தாமதித்தே வருகிறது. நிதி வந்த பின் மதிப்பீட்டுக்கும் மணல் அனுமதிக்கும் அலையத் தொடங்கும் சங்கம் மழைக்குள் மாட்டிக்கொள்ளும். அடுத்த வருடத்துக்கான முன்மொழிவை இந்த வருட நடுப்பகுதியிலேயே கொடுத்து, கூரை வேலையை மழைக்கு முன்னும், கதவு, யன்னல், வெள்ளையடிப்புப் போன்றவற்றைப் பின்னும் வரும்படி ஒழுங்குபடுத்துங்கள்.

கடிதம்

தமிழில் எழுதலாம், வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். நீளம் வேண்டாம். ஒரு மாதிரி:

"பிரதேச செயலாளர் அவர்களுக்கு, கிராம அலுவலர் ஊடாக.
எமது சங்கம் (பதிவு இல. ......) நடத்தும் முன்பள்ளியின் கூரையும் வடக்குச் சுவரும் சேதமடைந்துள்ளன. ...... பிள்ளைகள் தற்போது மரநிழலில் கற்கின்றனர். 500 ஓடும் ...... செங்கல்லும் உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்துடன் எம்மிடம் உள்ளன. மிகுதிப் பொருளுக்கும் கூலிக்கும் நிதி உதவி வேண்டுகிறோம். தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மதிப்பீடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ...... ஆம் திகதிப் பொதுக்கூட்டத் தீர்மானம், பொருட் பட்டியல், புகைப்படம் ஆகியன இணைக்கப்பட்டுள்ளன."

இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் கிடைத்த திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பல மாதமாகப் பதில் இல்லையென்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்தக் கந்தோரின் தகவல் அலுவலரிடம் "எமது விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது?" என்று எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இதைச் சண்டையாக எண்ணத் தேவையில்லை.

வேலை முடிந்த பின்

வந்த தொகை, வாங்கிய பொருள், கொடுத்த கூலி, மீதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முன்பள்ளிச் சுவரிலோ கோயில் வீதியிலோ ஒட்டுங்கள். பற்றுச்சீட்டுகளைக் காசேட்டோடு சேர்த்து, ஈரமும் கறையானும் படாத இடத்தில் வையுங்கள். வருடங்கள் கழித்தும் கணக்காய்வு வரலாம். கிணற்றுக்கோ கட்டடத்துக்கோ ஒரு பொறுப்பாளரைக் கூட்டத்தில் பெயர் குறித்துத் தெரிவு செய்யுங்கள். கப்பியும் கயிறும் தேய, ஓடு நழுவ அதிக காலம் எடுக்காது. அந்தச் சில்லறைச் செலவுக்கு மீண்டும் அரச நிதி கேட்க முடியாது.

மிஞ்சிய ஓடும் கல்லும் எங்கே அடுக்கப்பட்டிருக்கின்றன, எவை இரவல், எவை யார் தந்தவை என்ற பட்டியலின் ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடமும் கொடுத்து வையுங்கள். பிந்தி வரும் குடும்பம் பதிவுக்கென்று முதலில் போய் நிற்பது அவரிடம்தான்.